காமலாபுரத்துக் கரும்பு யார் தண்ணீரில் வளர்ந்தது?

சென்னையிலிருந்து வந்த விமானம் சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கும்போது கீழே கரும்பங்காடுகள் தெரிந்தன, சுற்றிலும் ஆறோ வாய்க்காலோ கண்ணில் படவில்லை, இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு கேள்வி. அந்தப் பக்கம் வீட்டுமனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். "கரும்பு வெளஞ்ச பூமிங்க, தண்ணிக்குக் கவலையே இல்லீங்க" என்கிறார் தரகர். நம்பலாமா?

இரண்டுக்கும் விடை ஒரே கிணற்றுக்குள் கிடக்கிறது. நான் பிறந்தது ஓமலூருக்கும் காமலாபுரத்துக்கும் நடுவே ஒரு காட்டுக்கொட்டாயில். எங்கள் பேச்சில் காடு என்றால் விளைநிலம். பெரியப்பா வெல்ல ஆலை வைத்திருந்தார். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். சேலம் நகரம் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே நகரமலை, அதன் பின்னால் சேர்வராயன். தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. வடமேற்கில் கிண்ணத்தின் வாய் திறந்திருக்கிறது. அந்த வழியாகத்தான் பெங்களூர் சாலை கருப்பூர், ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கமாகப் போய்த் தொப்பூர் கணவாயில் ஏறுகிறது. நகரத்தை விட்டுக் கிளம்பினதும் வெள்ளை வெளேரென்று மண்மேடுகள் தெரியும். அது மேக்னசைட், எங்கள் பேச்சில் வெள்ளைக்கல். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே உண்டு. அந்த வெள்ளை மேடுகளைத் தாண்டிக் கருப்பூரும் கடந்த பிறகுதான் செம்மண் தொடங்குகிறது. காமலாபுரம் இந்தச் செம்மண் பட்டையில் இருக்கிறது. வலது கைப்பக்கம் சேர்வராயன் மலை சுவர்போல நிற்கும். அதன் உச்சி 1,623 மீட்டர். நாங்கள் நிற்கிற தரை ஏறக்குறைய 300 மீட்டர்.

இந்த உயர வித்தியாசம்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சொத்து. மலைமேல் பெய்கிற மழை எங்கள் காட்டில் பெய்வதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அது மேற்குச் சரிவில் ஓடைகளாக இறங்கிச் சரபங்கா ஆகிறது. கிழக்கு சரபங்கா, மேற்கு சரபங்கா என்று இரண்டு கைகள் ஓமலூரில் கூடி, எடப்பாடி வழியாகப் போய்த் தேவூர்ப் பக்கம் காவிரியில் கலக்கின்றன. ஆகவே ஆறே இல்லை என்று சொன்னால் சரபங்க முனிவர் கோபித்துக்கொள்வார். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணலும் சீமைக் கருவேலும்தான். வெள்ளம் வருகிற சில நாட்களுக்குள் அந்தத் தண்ணீரை ஏரிகளில் பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் காவிரிக்குப் போய்விடும். விமானத்திலிருந்து நீங்கள் வாய்க்காலைத் தேடியிருக்கிறீர்கள். ஏரிகளைத் தேடியிருந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பள்ளம் நோக்கி இறங்குவது தெரிந்திருக்கும்.

ஏரித் தண்ணீர் நேரே கரும்புக்குப் பாய்வது கொஞ்சம்தான். ஏரி செய்கிற பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் பூமிக்கு அடியில் இருப்பது பாறை. மேலே செம்மண், அதன்கீழ் உதிர்ந்த பாறைப் பொடி, அதற்கும் கீழே கருங்கல். அந்தப் பொடிக்குள்ளும் கல்லின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஏரி நிரம்பினால் சில வாரத்தில் அதன் அடியிலுள்ள கிணறுகளில் நீர் மேலே வரும். "ஏரி ரொம்புச்சா?" என்றுதான் ஐப்பசியில் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். கரும்பு நடலாமா, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடலாமா என்பது அதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதப் பயிர். அந்தக் காலம் முழுக்க அதற்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்து மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி. மிச்சம் 1,000. ஒரு ஏக்கரில் 1,000 மில்லிமீட்டர் என்றால் 40 லட்சம் லிட்டர். அத்தனையும் கிணற்றிலிருந்து வர வேண்டும். மழைத் தண்ணீரில் ஒரு பங்கு ஓடிப்போகும், ஒரு பங்கு ஆவியாகும் என்பதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த 40 லட்சம் லிட்டரை யார் இறைத்தார்கள், எதை வைத்து இறைத்தார்கள் என்று பார்த்தால் எங்கள் வட்டாரத்தின் வரலாறு வந்துவிடும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். கரும்புக்கும் இந்தச் சீமைக்கும் உள்ள உறவு சங்க காலத்தது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுகிற ஔவையார், அவனுடைய முன்னோர்கள் "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்" புகழ்பெற்றவர்கள் என்கிறார். புறநானூற்றின் 99-ஆம் பாட்டு. கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று பொருள். தகடூர் என்பது தருமபுரி. தொப்பூர் கணவாயை ஏறினால் அந்தப் பக்கம். அதியமானைச் சொன்னால் எல்லோருக்கும் நெல்லிக்கனிதான் நினைவுக்கு வருகிறது. கரும்பு வியாபாரம் செய்கிற நாங்களாவது கரும்பை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஔவையார் பாடிய கரும்பும் காமலாபுரத்தில் இன்று நிற்கிற கரும்பும் ஒன்றல்ல. இன்றைய ரகங்கள் 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் வழி வந்தவை. ரகப் பெயரின் முன்னால் நிற்கிற 'கோ' என்பது கோயம்புத்தூர்தான். நாட்டுக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் ஒட்டி உருவாக்கிய வம்சம் அது. இன்று எங்கள் பக்கம் அதிகம் பார்க்கிற கோ 86032-உம் அந்தப் பரம்பரை.

நடுக்காலத்தில் தாரமங்கலத்தை மையமாக வைத்துக் கெட்டி முதலிகள் ஆண்டார்கள். பிறகு மைசூர்க்காரர்கள். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலும் சேலம் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடு வரி போட வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டது இந்தச் சீமையில்தான். குடியானவனே நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டுகிற ரயத்துவாரி முறை இங்கிருந்து வளர்ந்தது. கரும்புக் கதைக்கு இதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: சொந்தக் காசில் கிணறு வெட்டினவனுக்கு அதற்காகத் தீர்வையை ஏற்றக்கூடாது என்பது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உறுதியானது. அதன்பிறகு கிணறு வெட்டுவது லாபமாயிற்று. மழையை நம்பின மேட்டாங்காடு, கிணறு பாய்கிற தோட்டக்கால் ஆகத் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிணறு என்பது கோயில் மாதிரி.

ஆனாலும் கரும்பு ஏராளமாக இருந்திருக்க முடியாது. மாட்டைக் கட்டித் தோல்பையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்த காலம் அது, கவலை ஓட்டுவது என்பார்கள். ஒரு ஜோடி மாடு பொழுது விடிவதிலிருந்து இறைத்தாலும் அரை ஏக்கர் நனைவது சந்தேகம். ஆரியம் என்கிற கேழ்வரகு, சோளம், கொஞ்சம் மிளகாய், வீட்டுக்கு வெங்காயம். கரும்பு போட்டவர் இரண்டு ஜோடி மாடு வைத்திருக்கிறவர், வசதிக்காரர்.

இப்போது மேட்டூருக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம் இதுதான்.

காமலாபுரத்திலிருந்து மேட்டூர் அணை ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. அதன் தண்ணீர் தஞ்சாவூர் வரைக்கும் போகிறது, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று சின்ன வயதில் பெரியப்பாவிடம் கேட்டேன். "தண்ணி மேல ஏறுமாடா?" என்றார். அவ்வளவுதான் பதில். மேட்டூர் அணை முழுக்க நிரம்பி 120 அடியைத் தொட்டால், அந்த நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. நீங்கள் இறங்கின விமான நிலையத்தின் தரை சுமார் 1,000 அடி. அணையே தளும்பி நின்றாலும் எங்கள் காடு அதைவிட 200 அடிக்கு மேலே இருக்கிறது. 1955-இல் திறந்த மேட்டூர் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. ஆனால் அவை காவிரியை ஒட்டியே தெற்கே இறங்கிவிடும். எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் பொங்கலுக்கான செங்கரும்பு செழிப்பாக நிற்கிறதே, அது காவிரிக்கரை பூமி. சேலம் ஜில்லாக் கரும்பு என்று மொத்தமாகப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

மேட்டூர் எங்களுக்குத் தண்ணீர் தரவில்லை. ஆனால் கரண்டு தந்தது. அணையின் அடியில் மின் நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பங்கள் ஊர் ஊராக வந்தன. எங்கள் தாத்தா காட்டுக்கு 1960-களின் நடுவில் சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, கிடைத்தது. ஐந்து குதிரை மோட்டார். அந்த வருஷமே ஒரு ஏக்கர் கரும்பு நட்டார் என்பார்கள். கவலை மாடுகளை விற்றுத்தான் மோட்டார் வாங்கினாராம். அதாவது காவிரி நீர் அணையில் விழுந்து மின்சாரமாகி, கம்பியில் மலையேறி வந்து, எங்கள் கிணற்றுக்குள் இருந்த சேர்வராயன் மழையை மேலே தூக்கியது. காமலாபுரத்துக் கரும்பு யார் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டால், மலையின் தண்ணீர், மேட்டூரின் தெம்பு என்று சொல்லலாம்.

பிறகு சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-ஐ ஒட்டியும் இலவச மின்சாரம் வந்தது. இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், எங்களைப் படிக்க வைத்ததே அதுதான். ஆனால் மோட்டாரை நிறுத்துவதற்கு இருந்த ஒரே காரணமும் அன்றோடு போயிற்று என்பது உண்மை. எங்கள் கிணறு தாத்தா காலத்தில் 40 அடி. அப்பா 70 ஆக்கினார். பிறகு 100. அதற்குமேல் வெடி வைக்கக் காசு இல்லாமல் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட்டார்கள், சைடு போர் என்பார்கள். அதிலும் ஊற்றுக்கண் அடைந்த பிறகு நேர் போர். முதலில் 400 அடி, அடுத்தது 700, கடைசியாகப் போட்டது 1,000 அடியைத் தாண்டியும் வெறும் புகை. கல் மாவு புகையாக வந்து வீட்டு ஓட்டின்மேல் படிந்தது. அம்மா அதைக் கூட்டக்கூட இல்லை, அடுத்த மழை வரைக்கும் அப்படியே கிடந்தது.

தண்ணீர் இருந்தாலும் கரும்பை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி மீதி இருக்கிறது. இந்த இடத்திலும் எங்கள் பகுதி மற்ற கரும்புச் சீமைகளிலிருந்து பிரிகிறது. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது மோகனூரில், காவிரிக்கரையில். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகு அது சேலம் மாவட்டத்திலேயே இல்லை. தருமபுரிப் பக்கத்து ஆலைகள் பாலக்கோட்டிலும் அரூர் கோபாலபுரத்திலும். இரண்டுமே எங்களுக்குத் தூரம். கரும்பு வெட்டின நிமிஷத்திலிருந்து எடை குறையும், சாறின் இனிப்பு குறையும். லாரி வாடகை கொடுத்து, வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, பணத்துக்கும் காத்திருப்பதைவிட காட்டோரத்திலேயே காய்ச்சிவிடுவது மேல் என்று எங்கள் ஆட்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். மத்திய அரசு அறிவிக்கிற ஆதார விலை, 2024-25 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்புக்குத்தான். வெல்லத்துக்கு எந்த ஆதார விலையும் கிடையாது. மண்டியில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான்.

எங்கள் ஊரில் ஆலை என்றால் வெல்ல ஆலைதான். ஒரு கொட்டாய், ஒரு கிரஷர், பூமிக்குள் தோண்டின நீள அடுப்பு, அதன்மேல் கொப்பரை. பிழிந்த சக்கையைக் களத்தில் காயப்போட்டு அதையே அடுப்புக்குத் தள்ளுவார்கள், வேறு விறகு வேண்டாம். சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் போட்டால் அழுக்கு நுரையோடு மேலே வரும். அதை வழித்து எடுப்பது ஒரு ஆள் வேலை. வெண்டைச் செடியின் தண்டை நசுக்கின கொழகொழப்பும் அழுக்கைப் பிடிக்கும். பெரியப்பா ஆலையில் அதற்கென்றே வரப்போரம் வெண்டை நட்டிருந்தார். மூன்று, நான்கு மணி நேரம் காய்ந்தபின் பாகு பதம். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை நின்றால் இறக்கிவிட வேண்டும். கால் மணி தாமதித்தால் கருகும், கால் மணி முந்தினால் வெல்லம் கசியும். இந்தப் பதம் பார்க்கிறவர்தான் ஆலையின் ராஜா. எங்கள் ஆலையில் இருந்தவர் பெரியப்பாவிடமே "சும்மா இருங்க" என்று சொல்லக்கூடியவர். பிறகு மரத்தொட்டியில் ஊற்றி, துழாவி, சூடு ஆறுவதற்குள் துணியில் வைத்து உருண்டை பிடிக்க வேண்டும், அல்லது அச்சில் கொட்ட வேண்டும்.

ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 100 கிலோ வெல்லம். 30 கிலோ ஒரு சிப்பம் என்பதால் டன்னுக்கு மூன்று சிப்பம், கொஞ்சம் மிச்சம். அது சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போகும். அங்கிருந்து கேரளாவுக்கும் மற்ற ஊர்களுக்கும். சரஸ்வதி பூஜை, கார்த்திகை தீபம், பொங்கல் என்று பண்டிகை நெருங்கினால் விலை ஏறும். இதே நேரத்தில் நாமக்கல் மாவட்டத்துப் பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்தில் என்ன விலை போயிற்று என்றும் கேட்டுக்கொள்வார்கள். கவுந்தப்பாடிக்காரர்கள் நாட்டுச் சர்க்கரையில் பெயர் வாங்கினார்கள், பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் போகிறது. எங்களுக்கு உருண்டை.

அடுத்து சங்கடமான பகுதி. ஓமலூர், காமலாபுரம் பக்கத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை, சர்க்கரை மூட்டை பறிமுதல் என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெருமை பேசுகிறவன் இதை மறைக்கக்கூடாது. கரும்பில்லாத நாளில் அடுப்பை அணைக்க மனமில்லாமல் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சுவது ஒன்று. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற கந்தக ரசாயனத்தைப் போடுவது இன்னொன்று. ஆலையில் அதற்குச் செல்லப்பெயர் "மருந்து". வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 70 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். பளபளவென்று மஞ்சளாக இருக்கிற உருண்டை பல சமயம் இந்த வரம்பைத் தாண்டினது.

ஏன் போடுகிறார்கள் என்றால் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பேராசையும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்து கிணறும் இதில் சேர்ந்திருக்கிறது. 40 அடிக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். 800 அடி போர்த் தண்ணீர் உப்பு. அந்த உப்பு கரும்பில் ஏறி, சாறில் இறங்கி, வெல்லத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட வெல்லம் கறுக்கும், கசியும், உருண்டை உறுதியாக நிற்காது. மண்டிக்காரர் கறுத்த வெல்லத்துக்கு விலை குறைப்பார். உடனே மருந்து. கறுத்ததுதான் கலப்படம் இல்லாதது என்று இப்போது பட்டணத்தில் தேடித் தேடி வாங்குகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் எத்தனையோ டப்பா ஹைட்ரோஸ் மிச்சமாகியிருக்கும். 2022-இல் அரசு பொங்கல் தொகுப்பின் 21 பொருளில் ஒன்றாக வெல்லமும் கொடுத்து, அது பல இடங்களில் உருகி வழிந்து பெரிய பேச்சானது. அடுத்த வருஷம் தொகுப்பில் வெல்லம் போய்ச் சர்க்கரை வந்தது. எங்கள் பக்கம் பல ஆலைக்காரர்கள் அதற்குப் பிறகு பொங்கலை நம்பிக் கூடுதலாகக் காய்ச்சுவதை விட்டார்கள்.

இடையில் ஒரு சொல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்பார்கள். ஆலையில் அஸ்கா கலக்கிறான் என்றுதான் திட்டுவார்கள். அஸ்கா என்பது ஒரிசாவில் கஞ்சம் மாவட்டத்து ஊர். 1936 வரை அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பெரிய சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அங்கிருந்து வந்த சரக்குக்கு ஊர்ப் பெயரே பெயராகி, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓமலூர்ச் சந்தையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கரும்புச் சீமை மனை விற்கிற புறநகர் ஆனது எப்படி என்றும் உங்களுக்குத் தோன்றும். அதில் பெரிய மர்மம் இல்லை. கருப்பூரில் 1966-இல் அரசுப் பொறியியல் கல்லூரி, 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம். காமலாபுரத்தில் 1993-இல் விமான நிலையம். விமான நிலையம் என்றால் விமானம் வரும் என்று நாங்களும் நினைத்தோம். ஆண்டுக்கணக்கில் ஓடுபாதைக்கு அப்பால் வெள்ளாடுதான் மேய்ந்தது. 2018 மார்ச் 25-ஆம் தேதி சிறு ஊர்களுக்கு விமானம் விடுகிற உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. விரிவாக்கத்துக்கென்று காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் 570 ஏக்கர் எடுக்கத் திட்டமிட்டு, 2018-இல் அளக்க வந்தவர்களை விவசாயிகள் வழிமறித்தார்கள். அளக்கப்பட்ட நிலத்தில் கரும்பும் இருந்தது. கேட்டவர்களிடம் கரும்பைக் காட்டி "இது வெறும் மேட்டாங்காடு இல்லீங்க" என்று சொன்னார்கள்.

நிலத்தை யாரும் பிடுங்காமலேயே கரும்பு குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் வரப்பில் நின்ற தென்னையே காய்ந்தது, கரும்பை விடுங்கள். அப்போது போன பல காடுகள் திரும்பக் கரும்புக்கு வரவில்லை. குச்சிக்கிழங்குக்குப் போயின. பாதித் தண்ணீர் போதும், அதை வாங்குகிற சேகோ (ஜவ்வரிசி) ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. சிலது சோளத்தட்டுக்குப் போயின, பால் மாடு வைத்தவர்களுக்காக. கரும்பு வெட்ட ஆள் கிடைப்பதில்லை. பையன்கள் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் போய்விட்டார்கள். அடுப்பின் முன்னால் நிற்க இப்போது வடநாட்டுப் பையன்கள் வருகிறார்கள். பதம் பார்க்கவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

மேட்டூர்த் தண்ணீர் மேலே ஏறாது என்ற பெரியப்பாவின் வார்த்தைக்கும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் 565 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அணை நிரம்பி வெள்ளம் வெளியேறுகிற நாட்களில் அந்த உபரி நீரைத் திப்பம்பட்டியில் இறைத்து, குழாய் வழியாகச் சரபங்கா வடிநிலத்தின் வறண்ட 100 ஏரிகளுக்கு அனுப்புவது திட்டம். 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கியது. தண்ணீர் தானாக மேலே ஏறாது, மோட்டார் வைத்தால் ஏறும். எங்கள் தாத்தா கிணற்றில் செய்ததை அரசாங்கம் அணையில் செய்கிறது. ஆனால் உபரி வருகிற வருஷத்தில்தான் ஏரிக்கு வரும். அணை நிரம்பாத வருஷத்தில் நாங்கள் மறுபடி சேர்வராயனைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இனி உங்கள் மனை. கரும்பு விளைந்த பூமி என்று தரகர் சொன்னது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் அதற்கு அவர் சொல்கிற அர்த்தம் இல்லை. கரும்பு விளைந்தது என்றால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது, ஏக்கருக்கு வருஷம் 40 லட்சம் லிட்டர் வீதம் அதை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நிலத்தடி நீர் அங்கே மிச்சம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஏரிக்குக் கீழ்ப்பக்கத்து மனைக்கும் மேல்பக்கத்து மனைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். கீழ்ப்பக்கம் என்றால் தண்ணீர் நிற்கும், ஆனால் ஓடை போன வழியா என்று கிராம வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். மேல்பக்கம் என்றால் ஆழ்துளையை நம்பாமல் குடிநீர்க் குழாய் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மனை பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். அப்போது எல்லாக் கிணறும் அழகாக இருக்கும். சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில் போங்கள். மனைப் பிரிவுக்குள் பழைய கிணற்றை மூடாமல் விட்டிருந்தால் எட்டிப் பாருங்கள். மூடியிருந்தால் பக்கத்துக் காட்டுக் கிணற்றைப் பாருங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பிறகு அந்தக் காட்டுக்காரரிடம், மனை வாங்க வந்தவர் என்று சொல்லாமல், "மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுதுங்க?" என்று மட்டும் கேளுங்கள். கால் மணி ஓடி நின்றுவிடுகிறது, அப்புறம் ஊற விட்டு மறுபடி போடுகிறோம் என்றால் தரகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்றால் விலை பேசலாம்.